கழுவக் கூடாத சிப்பிகள்

மேற்குக் கரை, நியூசிலாந்து
அக்டோபர் 9

அன்புள்ள கீலிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். மழையும் சுகமாகத்தான் இருக்கிறது, பதினோரு நாளாக ஓயவில்லை. பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் டெஸ் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குச் சளி விட்டதா? தொப்பி இல்லாமல் அவளை வெளியே அனுப்பாதே.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கொல்லைப்புற ஓடையைப் பார்த்துவிட்டு, "தங்கத்தைத் தோண்டித் தின்னாச்சு, ஓடையைக் கொன்னாச்சு, இதுல என் பிள்ளை கால் வைக்காதும்மா" என்றாய். காதில் விழாத மாதிரி அப்பா வெளியே போனார். எல்லாம் விழுந்தது. பதினாறு வருஷம் அந்தத் தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர், அதை மூடியதும் தோண்டிக் கொட்டிய அதே கல்மேட்டில் மண் பரப்பி மரக்கன்று நடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாரே, சம்பளத்துக்கு மட்டும் என்றா நினைத்தாய்? ஓடை தெளியாமல் ஓய்வு பெறமாட்டேன் என்று அன்றே என்னிடம் சொல்லிவிட்டார்.

கல்மேட்டிலிருந்து கசியும் துருத்தண்ணீரைச் சிப்பி ஓடு நிரப்பிய குழி வழியாக விட்டால் தெளியும் என்று, தண்ணீரைச் சோதிக்கும் நைரி ஏற்பாடு செய்தாள். கடற்கரை மீன் ஆலையிலிருந்து லாரி லாரியாக ஓடு வந்து இறங்கியது. நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். பேக்கரி பெர்னீஸ் தெருவில் நின்று அப்பாவைப் பார்த்து, "லெஸ்ஸு, உன் சிப்பி வந்ததிலேருந்து என் கடைக்கு ஈ மட்டுந்தான்யா வருது!" என்று கத்தினாள். பூட்ஸைக் கழுவாமல் வாசற்படி ஏறாத மனுஷர், ரோஷம் வந்துவிட்டது. தீயணைப்புக் குழாயை இரவல் வாங்கி மூன்று நாள் அத்தனை ஓடுகளையும் அலசி, பீங்கான் மாதிரி வெள்ளையாக்கிக் குழியில் கொட்டினார். எனக்கும் பெருமைதான், நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்ச் வந்தும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. நைரி குழியைக் கிளறிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "ஐயோ லெஸ், ஓட்டுல ஒட்டியிருக்கிற சதையைத் தின்னுதான் கிருமி வளரும், அந்தக் கிருமிதான் தண்ணியச் சுத்தம் பண்ணும். நீங்க சோத்தைக் கொட்டிட்டுத் தட்டைக் கழுவி வெச்சிருக்கீங்க!" அன்று அவர் சாப்பிடவில்லை. கீலி சொன்னது சரிதான், எனக்குத் தோண்டத்தான் தெரியும் என்றார். எனக்குப் பொல்லாத கோபம். முதலில் போய் நாறுகிற சிப்பியாகக் கொண்டுவா, பெர்னீஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விரட்டினேன். ஒரு வாரம் அவள் கடை வாசலில் நின்று ஈ ஓட்டினேன், போதுமா?

ஜூனிலிருந்து மாதம் தவறாமல் தண்ணீர் சோதனையில் தேறுகிறது. அப்பா அந்தத் தாளை நம்பவில்லை. போன ஞாயிறு வெறுங்காலோடு ஓடையில் இறங்கினார். அவர் போட்ட சத்தத்தில் அடுப்பில் மீன் அடையைக் கருகவிட்டு ஓடினேன். ஒரு கோரா, நல்ல தண்ணீர் ஓடையில் வாழும் கொடுக்கு இறால், உள்ளங்கை நீளம், கால் கட்டைவிரலைக் கவ்வித் தொங்குகிறது. ரத்தம் வழிகிறது, மனுஷர் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். பிடுங்கப் போனால், "இரு மொய்ரா, அதுவா விடட்டும்" என்கிறார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வரும் மாதம் ஓய்வுக் கடிதம் கொடுக்கிறார்.

டிசம்பரில் அவசியம் வாருங்கள். மூவரும் நோய்நொடியின்றி நன்றாயிருக்க வேண்டும். டெஸ்ஸுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துவர மறக்காதே, ஓடையில் இப்போது கடிக்க ஆள் இருக்கிறது.

என்றும் அன்போடு,
அம்மா மொய்ரா