இரண்டு அறைப் பை

என் சிநேகிதிக்கு,

இன்று காலை இரண்டு அறைத் திரவப் பையொன்றை முழங்காலில் வைத்து அமத்தினேன். நடுத்தடுப்பு ‘பட்’ என்று உடைந்தது. அந்தச் சத்தத்தோடு நீ வந்து நின்றாய். துறைமுகத்தைப் பார்த்த யன்னலோரக் கட்டிலில், இரத்தத்தை வடிகட்டும் இயந்திரத்தோடு சம்பூர்க்காரர் ஒருவர் கிடக்கிறார். வயலில் பிடித்த எலிக்காய்ச்சல். சிறுநீரகம் நின்றுவிட்டது; ஈரலும் தளர்ந்து கண் மஞ்சளாகிவிட்டது. உனக்கு வந்த அதே வருத்தம்.

இயந்திரம் வடித்தெடுக்கும் நீருக்கு ஈடாக உடம்புக்குள் விடும் திரவம் இரண்டு வகை: லக்டேட் பை, பைகாபனேட் பை. “ரெண்டும் ஒண்டுதானே” என்று எங்களோடு வேலை செய்யும் தாதி யாராவது சொன்னால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஈரல் நல்லா இருக்கிற ஆளுக்கு ஓம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா லக்டேட்டைப் பைகாபனேட்டா மாத்திக் குடுக்கிறது ஈரல். ஏலாமல் கிடக்கிற ஈரலுக்குப் போய் இன்னும் வேலை குடுப்பியளோ?” என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்துவாய். எனக்கு முதலில் வெட்கமாக இருக்கும். பிறகு சிரிப்பு வரும்.

பைகாபனேட்டை முன்கூட்டியே கலந்து வைக்க முடியாது; அதனால்தான் அதன் பைக்கு இரண்டு அறை. தொங்கவிடும்போதுதான் தடுப்பை உடைக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் யாரோ உடைக்காமலே தொங்கவிட்டு, ஒரு அறைத் திரவம் மட்டும் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்ததை நீதான் கண்டாய். அன்றிலிருந்து எங்கள் வாட்டில் உன் சட்டம்தான். உடைத்தவர் “உடைச்சாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் பையை அமத்திப் பார்த்து “ஓம், வை” என்று சொல்ல வேண்டும். கிளிவெட்டியில் உங்கள் வயலுக்குப் போய்வந்து நீயே அந்தக் கட்டிலில் விழுந்தபோதும் நான் “உடைச்சாச்சு” என்றேன். மஞ்சள் கண்ணைத் திறந்து, நடுங்கும் கையால் பையை அமத்தி, “ஓம், வை” என்றாய். உன் வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

இன்று புதிய பொறுப்புத் தாதி லக்டேட் பையை என்னிடம் நீட்டினார்.

“டொக்டர் மற்றதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனா அது கொஞ்சம்தான் கிடக்கு. இதை வையுங்கோ. அது உங்கட சிநேகிதியைக் காப்பாத்தேல்லையே?”

நான் அதைக் கையில் வாங்கவில்லை. ஓம், காப்பாற்றவில்லை. அந்தப் பை உன் ஈரலின்மேல் இன்னொரு சுமையை ஏற்றாமல் இருந்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் நீ கத்தினாய்.

“ஈரல் ஏலாத ஆளுக்கெண்டுதானே, மிஸ், அதை ஒதுக்கி வைச்சது? இவருக்கு இல்லையெண்டால் வேற ஆருக்கு?” என்று கேட்டுவிட்டு, ஸ்டோரைத் திறந்து நானே எடுத்துவந்தேன். வாட்டுக் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி சம்பூர்க்காரரின் மனைவி பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலில் வைத்துத் தடுப்பை உடைத்தேன்.

“உடைச்சாச்சு!” உன்னைப் போலவே, வாட்டே திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பொறுப்புத் தாதியின் முன்னால் பையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் வாங்காமல் நான் நகர்வதாக இல்லை. கடைசியில் வாங்கி, நடுவில் விரலால் அமத்திப் பார்த்தார்.

“ஓம். வையுங்கோ.”

இவர் பிழைப்பாரா, தெரியாது. உன்னைக் காப்பாற்றாத பையைத்தான் தொங்கவிட்டிருக்கிறேன். நாளைக்கும் அதைத்தான் தொங்கவிடுவேன், சத்தமாகச் சொல்லி.