ஒன்றே ஒன்று செய்த கார்

வெள்ளிக்கிழமை, இரவு

முதலாளி இன்று வெளிநாட்டு ஏலத்தில் அந்தக் காரை எடுத்துவிட்டார். கண்காட்சிக்கென்று ஒன்று மட்டும் செய்து, பிறகு கம்பெனி கைவிட்ட வண்டி. பங்களாவில் அவர் பக்கத்தில் நின்று நானும் கம்ப்யூட்டரில் பார்த்தேன்.

"கொழும்பு ஹார்பர்ல இருந்து நிவித்திகலைக்கு நீதான் ஓட்டிட்டு வரணும், செல்வம்," என்றார்.

"யாராச்சும் ரோட்டுல ஓட்டியிருக்காங்களா, ஐயா?"

"ஒருத்தன் ஓட்டினான். பிரேக் புடிக்கல. அதோடதான் செய்றத நிப்பாட்டிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் குடியிருக்கும் லயக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, அவருடையது. "சரிங்க ஐயா" என்றேன்.

ஏன் சாப்பிடவில்லை என்று மனைவி மேரி கேட்டாள். முதலாளி புதுக் கார் வாங்கியிருக்கிறார், நான்தான் கொண்டுவரப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்போ புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.