பன்னிரண்டாவது வரி

ஞாயிறு

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா? அம்மா நலமா? இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்காரருக்கு முதுகுவலி பரவாயில்லை. மகள் கணக்கில் தேறிவிட்டாள். எப்படித் தேறினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

நீ ஊருக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

வகுப்புக்கு நெஞ்சை அமுக்கிப் பழகப் புதுப் பொம்மை வந்திருக்கிறது. பழையதன் நெஞ்சு நாம் அமுக்கியே பள்ளமாகிவிட்டது அல்லவா? இதற்கு நெஞ்சு கெட்டி. சரியான ஆழத்துக்கு அமுக்கினால்தான் 'டக்' என்று சத்தம் வரும். முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு என்று எண்ணி எண்ணி, வீட்டில் காய் நறுக்கும்போதும் வாய் தானாக எண்ணுகிறது. "கேரட்டுக்கு உயிர் வந்துடுச்சாம்மா?" என்று மகள் கேட்கிறாள்.

டிரைவர் அண்ணன் தினமும் உன்னை விசாரிக்கிறார். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைத் தூக்க உன்னைப் போல் ஆள் இல்லையாம். நான் தூக்கினால் நோயாளி சறுக்குமரத்தில் போவது போல் போகிறாராம். ஆம்புலன்ஸ் வேலைக்கு முப்பத்தாறு வயதில் படிக்க வந்தவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறார்?

அன்று மூச்சுத் திணறி நம் வண்டியில் வந்த அச்சகக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். மூச்சு சீராக இருக்கிறதாம். உனக்கு இது முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது பற்றி விசாரணை. வண்டிச் சோதனைப் படிவத்தில் உன் பெயர் இருப்பதால் உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள். நேற்று பயிற்சி மேடம் என்னைத் தனியாக அழைத்து, அன்று காலை வண்டியைச் சோதித்தது பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போகச் சொல்லிவிட்டார்.

நீ எனக்காக வாயைத் திறக்காமல் இருப்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வழியில் கசிந்த சிலிண்டருக்கு யார்தான் என்ன செய்ய முடியும்? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
அக்கா


புதன், காலை

நெட்டைக்கு,

முந்தின கடிதத்தைப் படித்திருந்தால் கிழித்துப் போடு. படிக்கவில்லை என்றால் படிக்காதே. இதை மட்டும் முழுதாகப் படி.

நேற்று அச்சகக்காரர் வீட்டுக்குப் போனேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை. அவர் எழுந்து நடமாடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று போனேன். அந்த லிப்டை இன்னும் சரிசெய்யவில்லை. அதே மூன்று மாடி. அன்று நீ இறங்கி ஓடி, வண்டியில் இருந்த பெரிய சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்த அதே படிகள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்குக் கால் நின்றுவிட்டது. சும்மா ஏறுவதற்கே மூச்சு வாங்கியது.

அவரே வந்து கதவைத் திறந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். நகக்கண்ணில் மட்டும் மை அப்படியே இருக்கிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. "கண்ண மூடாதீங்க, மூடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தது நீங்கதானே? உங்க முகம் ஞாபகம் இல்ல, அந்தக் குரல் ஞாபகம் இருக்கு" என்றார். அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாதான் பேச்சை எடுத்தார். "நீங்க இருந்தீங்க, காப்பாத்தினீங்க. அந்த உசரமான பொண்ணு காலையில சிலிண்டரத் தொறந்து பாக்காம விட்டதால என் புருஷன் போயிருப்பாரு. அவளுக்கெல்லாம் எதுக்கு இந்த வேல? அவ கை உருப்படுமா?" என்றார்.

நெட்டை, அவர் உன் கையைச் சபித்தார். என் கையை இன்னொரு தடவை பிடித்துக்கொண்டு சபித்தார்.

நான் சொல்லிவிட்டேன். அவர்களிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். உனக்கும் இது தெரியாது.

சிலிண்டர் கசியவில்லை. அன்று பஸ் வரவில்லை என்று நீ போன் செய்தாய். "அக்கா, வண்டி செக்கிங் இன்னைக்கு என் முறை. கொஞ்சம் பாத்துட முடியுமா?" என்றாய். "நீ மெதுவா வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். படிவத்தில் உன் பெயரை நானே எழுதினேன். பதினெட்டு வரி. பன்னிரண்டாவது வரி, கையில் எடுத்துப் போகும் ஆக்சிஜன் சிலிண்டர், வால்வைத் திறந்து அளவு காட்டும் முள்ளைப் பார்க்கவும். நான் திறக்கவில்லை. டிரைவர் அண்ணனோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே வரிசையாக டிக் போட்டுக்கொண்டு போனேன். அழைப்பு எதுவும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு சாக்கு கிடைக்குமா என்று இருபது நாளாகத் தேடுகிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை. முந்தின நாள் நிறைந்திருந்தது, இன்றும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாடியில் நீ மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து வால்வைத் திருப்பினாய். காற்று வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய். "பாத்தீங்கல்லக்கா?" என்று மெல்லக் கேட்டாய். "பாத்தேன், வழியில கசிஞ்சிருக்கும்" என்றேன். அவர் உதடு நீலமாகிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நீ அதை நம்பி ஓடினாய். அக்கா நமக்கு உதவி செய்யப்போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பிறகு எல்லோரிடமும் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய். உனக்கு வயது இருபத்து மூன்று.

இதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. அச்சகக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தவர், "பாத்து எறங்குங்க. ரெண்டாவது மாடியில விளக்கு இல்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "இத்தன நாளா உனக்குச் சாப்பாடு எப்படி எறங்குச்சு?" என்று மட்டும் கேட்டார். காலையில் என் சீருடையை அவரே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கோபமா, இரக்கமா, தெரியவில்லை.

இன்னும் அரைமணி நேரத்தில் மேடம் வந்துவிடுவார். விசாரணை நாளைக்குத்தான். அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் இன்றைக்கே அவர் அறைக்குப் போகிறேன். போகும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன். போட்டுவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது.

இங்கே என்ன பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.


சனி

நெட்டைக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல மேடம் எழுதிக்கொண்டார். நடுவில் ஒரு தடவைதான் நிமிர்ந்தார். "போன சனிக்கிழமை நான் கேட்டப்பவே எனக்குத் தெரியும். நீயா வருவியான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மறுநாள் விசாரணையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் நாற்காலி காலியாக இருந்தது. அச்சகக்காரர் வந்திருந்தார், மனைவி வரவில்லை. அவரிடம் கேட்டபோது, புகார் எதுவும் சொல்லவில்லை. அன்று தனக்கு மூச்சு முட்டிய கணக்கை மட்டும் சொன்னார். மாஸ்க் வைத்தும் காற்று வராதபோது சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாராம். நீ திரும்பி வர ஆறு நிமிடம் ஆனதாம். அந்த ஆறு நிமிடமும் தன் பிள்ளைகளின் பெயர் ஒன்றொன்றாக மறந்துகொண்டே வந்ததாம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

என்னைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம், எடுப்பார்கள் என்று உறுதியில்லை. அடையாள அட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்தேன். டிரைவர் அண்ணன் வாசல் வரை கூட வந்தார். அவரும் அன்று காலை என்னோடு சிரித்துக்கொண்டிருந்தவர் அல்லவா? இரண்டு பேருக்கும் பேச்சு அன்றோடு தீர்ந்துபோய்விட்டது.

இப்போது உன் விஷயம். இதை இரண்டு தடவை படி.

உன் மேல் இருந்த குற்றம் எடுபட்டுவிட்டது. உன் பெயரில் இன்னொருவர் எழுத விட்டதற்கும், பொய்யான பழியை ஏற்றுக்கொண்டதற்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும். அது வந்தால் பயந்துவிடாதே, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செய்முறைத் தேர்வு வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கள், காலை ஒன்பது மணி. நீ தவறவிட்ட வகுப்புகளை மாலையில் தனியாக எடுக்கிறேன் என்று மேடம் சொல்கிறார். ஆனால், "வர்றேன்னு அவளே எழுதணும். உன் மூலமா வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வியாழனுக்குள் எழுத வேண்டும்.

உன் அம்மா உன்னை வேண்டாம் என்று தடுப்பார். ஒரு தடவை பட்டது போதாதா என்பார். அவர் கோபம் நியாயம். இந்தக் கடிதங்களை அவரிடம் காட்டு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், உன்னை மட்டும் அனுப்பி வைக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் காகிதத்தை நாலு தடவை எடுத்தேன். எழுதினால் நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். நீ போய் நிற்கிற வீட்டில் எல்லாம் மூச்சு திரும்பி வர வேண்டும். உன் கை நீண்ட காலம் ஓடியாடி வேலை செய்ய வேண்டும்.

எனக்குப் பதில் போட வேண்டாம். மேடத்துக்கு மட்டும் எழுது. இன்றைக்கே எழுது.

இப்படிக்கு,
உன்னோடு கொஞ்ச நாள் படித்தவள்