நீ எறியவிடாத பசை

போன ஞாயிற்றுக்கிழமை உரும்பிராயில் ஒரு கலியாண வீடு. சாப்பிட்டு எழும்பும்போது, மேசையில் கிடந்த வெற்றுச் சோடாப் போத்தலை எடுத்து என் கை தானாகவே லேபிளை உரித்தது. மூடியையும் அதன் கீழ் வளையத்தையும் கழற்றியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது உன்னுடைய பழக்கமல்லவா?

எத்தனை கலியாண வீடுகளில் பட்டுச் சேலையோடு போத்தல் பொறுக்கியிருக்கிறாய்! மூடியும் லேபிளும் வேறு பிளாஸ்டிக், கலந்தால் ஆய்வு கெட்டுவிடும் என்பாய். ஒருமுறை ஒரு மாமி கேட்டார்: "ஏன் பிள்ளை, வீட்டிலை போத்தில் இல்லையோ?"

"இருக்கு மாமி. இது என்ரை ஆளுக்குச் சாப்பாடு."

நாய்க்குட்டியாக்கும் என்று நினைத்து அவர் நாலு வடையும் கட்டித் தந்தார்.

நுண்ணுயிரிலிருந்து நீ பிரித்தெடுத்த நொதியம்தான் அந்த "ஆள்". போத்தலை அரித்து மூலப்பொருளாக்கிவிடும் என்று நம்பியிருந்தாய். ஆனால் அரைத்த துண்டுகள் கிழமைக்கணக்காக உன் குடுவையில் அப்படியே கிடந்தன. "உன்ரை ஆளுக்குப் பசியே இல்லையடி" என்று நான் பகிடி பண்ணுவேன். நான் இரசாயனக்காரி. துண்டுகளைக் கிளைக்கோல் என்ற திரவத்தில் போட்டு நெடுநேரம் காய்ச்சுவேன். உடைவதென்னவோ உடைந்தது, ஆனால் கரண்ட் ஏராளமாகச் செலவானது, கடைசியில் எல்லாம் மண்ணிறமாக வந்து நின்றது. ஒரே ஆய்வுகூடத்தில், அடுத்தடுத்த மேசைகளில், ஒருவரையொருவர் கேலி செய்தபடி இருவரும் தோற்றுக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் நான் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போனது. துண்டுகள் அரைகுறையாகக் கரைந்து, பசையாக இறுகிவிட்டன. அழாத குறையாகப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைப் பக்கம் போனேன்.

"எடி, உந்தப் பசையை எறியாதை" என்று ஓடி வந்தாய்.

"உது பழுதாப் போச்சு. உதை வச்சு என்ன செய்யப் போறாய்?"

"நீ உடைச்சது போதும். மிச்சத்தை என்ரை ஆளிட்டைக் குடுத்துப் பாப்பம்."

கழுவினாய், பொடியாக்கினாய், உன் குடுவையில் போட்டாய். இரண்டு நாள் கழித்து, "ஓடி வா இஞ்சை" என்று நீ கத்தியது வாசல்வரை கேட்டது. கஞ்சிபோல் கலங்கியிருந்தது கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அமிலத்தைத் துளித்துளியாக விட்டாய். இடியப்ப மா மாதிரி வெள்ளைப் பொடி அடியில் படிந்தது. திரும்பவும் புதுப் போத்தல் செய்யக்கூடிய பொடி! பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியை நான் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை உன் ஆள் பக்குவமாக முடித்துவிடுவார். இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று அடம்பிடித்துத்தான் அவ்வளவு காலம் வீணாக்கியிருந்தோம்.

செய்தி கேட்டு மயிலிட்டியிலிருந்து உன் அப்பா ஒரு சாக்கோடு வந்தார். சாக்கு நிறைய, கடலில் அவர் வலையில் ஏறிய போத்தல்கள். "இப்ப மீனிலும் பாக்க உதுதான் கூட வருது. இதையும் தின்னுமோ பிள்ளை?"

"பாப்பம் அப்பா" என்றாய்.

தின்னவில்லை. வெயிலிலும் உப்பிலும் கிடந்து இறுகிப்போன போத்தல்களிலிருந்து கொஞ்சப் பொடிதான் வந்தது, அதுவும் மண்ணிறமாக. திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு முறையும் அதே கதை. அதற்குள் நீ நோயில் விழுந்தாய்.

ஆய்வுக்குப் பண உதவி தந்தவர்களுக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து முழுவதையும் வாசித்தாய்.

"கடல் போத்தில் எங்கை?"

"அதை எழுதினால் அடுத்த முறை உதவி தரமாட்டினம்."

"தராட்டிப் போகட்டும். அப்பா கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? சரிவரேல்லை எண்டு எழுது."

உன் உடம்பு இருந்த நிலையிலும் உன்னோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் வரவும் இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்தேன். வாசித்துவிட்டு, பலமில்லாத விரல்களால் என் கன்னத்தைக் கிள்ளினாய். "இப்பதான் நீ என்ரை ஆள்."

நான் பயந்தபடியே அடுத்த முறை உதவி கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் வந்தபோது நீ இல்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் மயிலிட்டிக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு அப்பா கேட்டார்: "நான் தந்த போத்தில் என்னமாதிரிப் பிள்ளை?"

அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. "இன்னும் சரிவரேல்லை ஐயா" என்றேன்.

"ஓம். அவளும் உப்பிடித்தான் சொன்னவள்."  பிறகு உள்ளே போய் இன்னொரு சாக்கை இழுத்து வந்து என் ஸ்கூட்டரில் கட்டினார். "அப்ப இதையும் கொண்டு போம்."

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். அவர் கேட்கிறார், உள்ளதைச் சொல்கிறேன், சாக்கைக் கட்டிவிடுகிறார். வெயிலில் இறுகிய துண்டுகளை முதலில் உருக்கி, இறுக்கம் தளரச் சட்டென்று குளிரவிட்டு, அதற்குப் பிறகு காய்ச்சிப் பார்க்கிறேன். போன கிழமை வந்த பொடி இன்னும் வெள்ளையில்லையடி. ஆனால் மண்ணிறம் கொஞ்சம் குறைவு.