கொட்டகைச் சுவரில் நாற்பத்தேழு

ஒகாயோ, 1846 ஜூலை 6, திங்கள்

அன்பு மகன் ஆசகேலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, நாளைக்கு மூன்று தரம் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் திர்சாவும் பேத்தி லோயிசும் அப்படியே இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் அவள் ஓடவே ஆரம்பித்திருப்பாள்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன தேர்தலில், நீ குடியேறிய ஓரிகன் முழுவதும் நமக்கே என்று கத்தித்தான் அப்பாவின் கட்சி ஓட்டு வாங்கியது. அந்தச் சூடு இவருக்கு இன்னும் ஆறவில்லை. வசந்தம் பிறந்ததும் மோரில் காவியைக் குழைத்து, ஏணி போட்டு, சாலைப் பக்கம் பார்த்த கொட்டகைச் சுவரில் "ஐம்பத்து நாலு நாப்பது, இல்லேன்னா சண்டை" என்று ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டார். வடக்கே, பூமிப்படத்தில் அந்த எண் போட்ட அட்சரேகைக் கோடு வரைக்கும் இங்கிலாந்துக்காரன் நிலத்தை விடாவிட்டால் அடிதடியாம். ஏங்க, சண்டை வந்தா மொதல் குண்டு நம்ம புள்ள கூரை மேலதானே விழும் என்றேன். அவனுக்காகத்தான்டி எழுதுறேன், ஏணியைப் புடி என்றார். அந்தப் பக்கமாக வந்த எதிர்க்கட்சிக்கார பிளம், ஓய் யாபேஸ், அந்தக் கோடு கிடைச்சா உன்னைத் தள்ளுவண்டியில உக்கார வச்சு ஊரைச் சுத்தித் தள்றேன், கிடைக்கலைன்னா நீ என்னைத் தள்ளு என்று பந்தயம் கட்டினார். அவர் எடை உனக்குத் தெரியுமே, அப்பா யோசிக்காமல் கையடித்துவிட்டார்.

எனக்கோ உன் வீட்டைப் பற்றித்தான் கவலை. வடக்கிலிருந்து கொலம்பியா ஆறு வரைக்கும் எங்களுக்கு என்று இங்கிலாந்துக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான், உன் வீடோ ஆற்றுக்கு வடக்கே. நீ வெட்டிய காடு, கட்டிய வீடு எல்லாம் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. சண்டை இல்லாமல் நாற்பத்தொன்பதில் கோடு கிழித்து, தெற்கே நமக்கு, வடக்கே அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். நான் அடுப்படியில் மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன், அப்பா முதுகுவலி என்று படுத்துக்கொண்டார். பிளம் தினமும் தள்ளுவண்டியோடு வந்து, முதுகு எப்படி இருக்கு ஓய் என்று விசாரித்துவிட்டுப் போனார். பந்தயத்துக்குப் பயந்த படுக்கை என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் கண் கலங்கிக் கிடக்கிறார். நம்ம புள்ளையை இங்கிலாந்து ராணிக்குக் குடியா வித்துட்டானுங்க கெசியா என்றார். உன் வீடு ஐம்பத்து நாலுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்! கப்பல் தலைவர் கருவி வைத்து அளந்து உன் வாசல் நாற்பத்தேழு என்று சொன்னதாக நீ எழுதியதை, இவர் ஏணி மேல் நிற்கும்போது உரக்கப் படித்தேனே, ம் ம் என்று தலையாட்டினதெல்லாம் சும்மா. கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். மூன்று தரம் படித்தார். நாப்பத்தேழு, நாப்பத்தொம்பதுக்குக் கீழதானே என்றார். எண்ணிப் பாருங்க என்றேன். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துக் குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்து பூட்ஸ் எங்கே என்றார்.

மறுநாள் சுதந்திரத் திருநாள், ஊரே கடைவீதியில் நின்றது. அப்பா பிளம்மை வண்டியில் ஏற்றி, நாப்பத்தேழு நாப்பத்தேழு என்று கத்திக்கொண்டே தள்ளினார். என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு கட்சிக்காரர்களும் கூடவே கத்தினார்கள், வண்டியில் இருந்த பிளம்கூடத் தொப்பியை ஆட்டிக் கத்தினார். கடைசியில் மாவுமில்காரர்தான், யாருய்யா உங்க புது வேட்பாளர் என்று கேட்டார். என் பேத்தி என்றார் அப்பா.

இன்று காலை பழைய கோஷத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, 47 என்று மட்டும் எழுதியிருக்கிறார். இப்போது நிஜமாகவே முதுகுவலி.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காப்பாராக. திர்சாவை ஈரத்தில் நிற்க விடாதே. வீடு மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, சுவரில் இன்னொரு தரம் எழுத அப்பாவுக்கு உடம்பு தாங்காது.

முத்தங்களுடன்,
உன் அம்மா கெசியா