கைபேசி நிறைய மரக்கறி

அண்ணை, நேற்று மாலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது என் கைப்பைக்குள் உங்கள் கைபேசி அடித்தது. திரையில் 'பாவற்காய்'. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பாவற்காய் ஆணா, பெண்ணா, எங்கே இருப்பவர்? ஒன்றையும் எழுதி வைக்காமல் போய்விட்டீர்களே.

எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தினமும் மாலை நினைவூட்டுவது நம் குழுவின் வேலை. குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்பது என் எண்ணம். அதே மருந்தை எடுத்துவந்த உங்களுக்கு அது போதவில்லை. புறக்கோட்டைத் துணிக்கடையில் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரையும் அழைத்து ஏசுவீர்கள். "மெசேஜை வாசிக்காமலே அழிப்பினம் பிள்ளை. ஏச்சை அழிக்கேலாது." உண்மைப் பெயரைப் பதிந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எல்லாரையும் மரக்கறியாக்கினீர்கள். ஆர் ஆரென்று எனக்காவது சொல்லுங்கோ என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "எனக்குத் தெரியும்தானே" என்று சிரிப்பீர்கள்.

பிறகு உங்களுக்கு மாரடைப்பு. இரண்டே நாள். கொட்டாஞ்சேனை வீட்டில் உங்கள் மனைவி இந்தக் கைபேசியை என் கையில் வைத்து, "இதுக்குள்ள கனபேர் இருக்கினம்" என்றார். அன்றிலிருந்து நான் கத்தரிக்காயோடும் புடலங்காயோடும் மல்லுக்கட்டுகிறேன். என் குரலைக் கேட்டதும் பயத்தங்காய் துண்டித்துவிடுகிறார். பாவற்காய் ஒருநாளும் எடுத்ததேயில்லை.

நேற்றுத்தான் அவராக அழைத்தார். ஆண் குரல்.

"இவ்வளவு நாளும் ஏன் எடுக்கேல்லை?" என்று பாய்ந்தேன்.

"செத்துப்போனவரின்ட நம்பர்ல இருந்து கோல் வந்தா எப்படி எடுக்கிறது, மிஸ்?"

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். மருந்து முடிந்து ஆறு நாளாம். மாதாமாதம் நீங்கள்தான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனீர்களாம். தனியே போனால் தான் இருக்கிற கிராண்ட்பாஸ் பக்கத்து ஆட்கள் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயமாம். இதையும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை! தெருவென்றும் பாராமல் அவரை ஏசு ஏசென்று ஏசினேன்.

"நாளைக்கு நீங்க வருவீங்களா?" என்றார் கடைசியில்.

"ஓம், வாறன். நீங்க வராட்டி வீட்டுக்கே வருவன்."

இன்று காலை கிளினிக் வாசலில் ஆறடி உயரமான ஒரு மனிதர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாவற்காய்தான். இருவருமாக உள்ளே போனோம். டாக்டரும் அவரை நன்றாக ஏசிவிட்டுத்தான் மருந்து கொடுத்தார். வெளியே வந்ததும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

"பின்னேரம் வீட்டில போய்..." என்று இழுத்தார்.

"இப்பவே."

அவர் விழுங்கி முடிக்கும்வரை, அண்ணை, உங்களைப் போலவே முறைத்துக்கொண்டு நின்றேன்.