புளியமரத்து மேட்டில் நிற்கிற வண்டி

அக்டோபர் 8, புதன்

இன்றைக்கும் புளியமரத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஊரில் சேர்த்த பால், இரண்டு கேன். தள்ளிக்கொண்டே பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் வேன் கிளம்பத் தயாராக நின்றது. செயலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இனி ஒருக்கா வேன் போனப்பறம் வந்தீன்னா, இந்த ஊர்ப் பாலை டெம்போக்கார நவீன்குமாருகிட்ட உட்டுருவேன் பாத்துக்க."

நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. பத்தாவதில் எழுந்து பதில் சொல்ல முடியாமல்தானே பள்ளிக்கூடத்தை விட்டேன்.

இந்த வேலை போனால் சங்ககிரிப் பக்கம் நூல்மில், ஹாஸ்டல். சந்திரசேகர் மாமா அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறார். அப்பா போர் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே இருக்கிறார். அவர் விட்டுப்போன பைக்தான் இது.

போகமாட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

தீனதயாளன் அண்ணன் பட்டறை. பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், வண்டியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். அங்கே முறுக்கினால் நிற்கவே இல்லை. "வண்டி நல்லாத்தான இருக்குது அம்மிணி? நீ கிளச்ச உடற லட்சணம் அப்படி" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கிளச்சை ஒழுங்காகத்தான் விடுகிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நிற்கவில்லை!

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டு வண்டிக்குப் புதுசாகச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜையில் ஆரம்பித்தது, இப்போது வெள்ளிக்கு வெள்ளி.

அக்டோபர் 11, சனி

நின்றது. அதே மேடு. கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் கிளம்புகிறது, மறுபடி நிற்கிறது. வேன்காரர் இரக்கப்பட்டுக் காத்திருந்தார்.

அம்மா, "கண்ணுப் பட்டுருச்சு சாமி" என்று இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அப்பினாள். மாமா வந்திருந்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக்கா கியர் வண்டி? திங்கக்கெழம நான் ஓட்டீட்டுப் போயி வித்துப்போடறேன்" என்றார். அம்மா மறுக்கவில்லை.

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. ஒரே உதையில் ஸ்டார்ட்.

ஏன்? டேங்க் எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

பாலை ஊற்றிவிட்டு வந்து வெறும் வண்டியில் போய்ப் பார்த்தேன். மூடியைப் பூட்டினால் மேட்டில் நிற்கிறது. பூட்டாமல் சும்மா வைத்தால் மெயின் ரோடு வரை போய்த் திரும்பியும் நிற்கவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காதே, காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும். இதற்கும் அப்படித்தானா?

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். அதற்குள் ஒரு சின்ன ஓட்டை, அது நிறையக் கல்லாட்டம் காய்ந்த சந்தனம். துப்பட்டா ஊக்கைக் கழற்றிக் குத்திக் குத்தி எடுத்தேன். ஊதினால் காற்று போகிறது.

பட்டறையில் கழுவியபோது கொஞ்சம் கரைந்திருக்கும். வெள்ளிக்கிழமை அம்மா பொட்டு வைத்து மறுபடி அடைத்துவிட்டாள். அம்மாவிடம் எப்படிச் சொல்ல? அவளுக்கு வண்டியின் நெற்றியே அந்த மூடிதான்.

அக்டோபர் 13, திங்கள்

வேனுக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

மாமா வந்து சாவி கேட்டார். கொடுக்கவில்லை. நானே வண்டியில் உட்கார்ந்தேன். "பின்னால ஏறுங்க மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். மேட்டில் இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். இரண்டாவது தடவை, "மெதுவாப் போ தனா" என்றார். இறங்கி, சாவியைக் கேட்காமலே பஸ்ஸில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவிடம் சந்தன விஷயத்தைச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அக்டோபர் 15, புதன்

பால் நேரத்துக்குப் போகிறது. அம்மா சரியாகப் பேசுவதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

விளக்கேற்றிவிட்டு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வண்டியிடம் வந்தாள். டேங்க் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹெட்லைட்டுக்கு மேலே பொட்டு வைத்தாள்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"அந்த ஓட்டைய ஒருக்கா குத்திப் போடு சாமி."